ஆறு சிப்டுக்கு ஒரு ரூபா கம்மி

காங்கேயம் ரோட்டுக் கடையில
மெசினையும் நான் பனியன் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன்.
மூடியத் தூக்கி, உள்ள கைய விட்டு, ஓரம் தடவி,
பொறவு பின்னால போய்க் குனிஞ்சு.
பொழுதுக்கும் எண்ணூறு உருப்படி பார்க்கிற கண்ணு
நோம்பிக்கு லீவு விட்டாலும் நிக்கிறதில்ல.
ஒவ்வொண்ணுக்குள்ளயும்
இருபத்தேழுன்னு ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவேன்.
எங்கியோ சீமையில பிரிச்சுப் பார்த்து ஓட்டைன்னா
என் கூலியில பிடிப்பாங்க.
அதுக்கு வருசக் கணக்கெல்லாம் கெடையாது.

போனசும் சீட்டெடுத்த காசும் ஒட்டுக்காச் சேர்த்து
பதினெட்டாயிரத்து ஐநூறு எண்ணி வெச்சப்ப
அந்தப் புள்ள வந்தா.
சட்டையில சிந்துஜான்னு பேரு குத்தியிருந்தா.
“கம்பெனி ரெண்டு வருசம் குடுக்குதுங்கக்கா.
அதுக்கு மேல மூணு வருசம்
நாங்க வாரண்டி குடுக்கறோம்.
ரெண்டாயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தொம்பது.”

என் ஆறு சிப்டு.
ஒரு ரூபா கம்மி.

“கெட்டுப் போற சாமானையா விக்கறீங்க?”ன்னு கேட்டார் எங்கூட்டுக்காரர்.
“ஐயோ, நல்ல மெசினுங்கண்ணா.”
“அப்பறம் எதுக்கு அந்தக் காசு?”
கடையில நாலு பேர் சிரிச்சாங்க.
அவ சிரிக்கல.

நான் காகிதத்தை வாங்கிப் படிச்சேன்,
பொடி எழுத்து வரைக்கும்.
கரண்டு ஏறி எறங்கினா சேராது.
எலி கடிச்சா சேராது, எறும்பு புகுந்தாலும்.
உப்புத் தண்ணியால வந்தது எதுவும் சேராது.
எங்க போருல வேற என்ன தண்ணி வருது?
கொடத்துல ரெண்டு நாள் நின்னாப் போதும்,
அடியில வெள்ளையாக் கோலம் போட்டுரும்.
நல்ல தண்ணி ஒம்பது நாளைக்கொருக்கா.
அதுல துணியா தொவைப்பாங்க?

மடிச்சு அவ கையிலயே குடுத்தேன்.
அப்ப மெதுவாச் சொன்னா,
“இந்த மாசம் பன்னெண்டு போடோணுங்கக்கா.
பதினொண்ணு ஆச்சு.”

எங்கூட்டுக்காரர் காதுல அது விழல.
மணிக்கு நூறுன்னு போர்டுல எழுதிப் போட்டு
தொண்ணூத்தெட்டுல மணியடிக்கிற மேசையில
பதினாறு வருசமா நிக்கிறவளுக்கு
அது எந்த ஊர்ப் பேச்சுன்னு தெரியாதா?
தெரிஞ்சும்
வேண்டாங்கண்ணுன்னுட்டேன்.

மிச்சம் புடிச்ச காசை
அரிசி டப்பாவுக்குள்ள போட்டு வெச்சேன்,
மெசினுக்கு நானே குடுக்கிற வாரண்டின்னு.
ஆனி மாசம் பையன் பல்லுக்குப் போச்சு.

மூணாம் வருசம் ஐப்பசியில,
அடமழை, துணி ஒரு அண்டா ஊறிக் கெடக்குது,
மெசின் ஒரு தரம் மொனகிட்டு நின்னுருச்சு.
மெக்கானிக் அங்கண்ணன் கவுத்துப் போட்டுக் கழட்டினார்.
கிளட்ச்சு பூராத் துரு. தொட்டா
நனைஞ்ச வெல்லமாட்ட உதிருது.
“அந்தக் காகிதம் போட்டிருந்தா?”
“வந்து பார்ப்பாங்க. உப்புன்னு எழுதிட்டுப் போவாங்க.”
ஸ்பேனரைத் தொடைச்சுக்கிட்டே ரோசனை பண்ணினார்.
“செல பேருக்கு மாத்தியும் குடுத்திருக்காங்க.
வர்ற ஆளைப் பொறுத்துங்க.”
மூவாயிரத்து நானூறு ஆச்சு.
அன்னைக்கு ராத்திரி பூரா
கழிச்சுங் கூட்டியும் பார்த்தேன்.
ஒரு தரம் நான் செஞ்சது சரின்னு வந்துச்சு,
மறு தரம் வரல.

தை பொறந்து
எங்க மேசைக்குப் புது ஆளு.
முப்பத்தொண்ணாம் நம்பர்.
டீ பிரேக்குல ஏற எறங்கப் பார்த்துட்டு,
“கெட்டுப் போற சாமானையா விக்கறீங்கன்னாரே,
அந்த அண்ணன் நல்லா இருக்காருங்களா?”
கடையில ஆளுகளக் கொறைச்சுட்டாங்களாம்.
“மெசின் ஓடுதுங்களாக்கா?”
“ஓடுது கண்ணு.”
அந்த மாசம் பன்னெண்டு ஆச்சான்னு
நான் கேக்கல.

மணியடிச்சு ரெண்டு பேரும் குனிஞ்சோம்.
அவ பார்த்துத் தள்ளின பனியன்ல
கழுத்தோரம் ஒரு ஓட்டை, கடுகளவு.
சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்.
அவ நம்பர் ஒட்டறதுக்குள்ள
எடுத்து
கழிவுக் கூடையில போட்டேன்.